ஆனி போனால் விதை போச்சு

தோழர்களே,

இலுப்பையும் வேம்பும் நாவலும் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, ஆடிப்பெருக்கு கழியட்டும் என்றிருந்தால் இந்த ஆண்டும் கைநழுவிப் போகும். குதிரில் கொட்டி வைக்க இது நெல் அல்ல. வேப்பங்கொட்டையின் முளைப்புத்திறன் சில வாரங்களில் போய்விடும், இலுப்பையும் அப்படித்தான். இந்த ஆனியில் பொறுக்கவில்லை என்றால் அடுத்த ஐப்பசி நடவுக்கும் முழங்கால் உயரக் கன்று கிடையாது.

அப்புறம் என்ன நடக்கும்? வழக்கமாக நடப்பதுதான். மழைக்கு முன் நிதி வரும், ஊரில் கன்று இருக்காது. கோதாவரிக் கரைக் கடியத்து நர்சரிகளிலிருந்து லாரியில் வந்திறங்கியதை நட்டு, போட்டோ எடுத்துவிட்டுக் கலைவோம். பார்க்கப் பச்சைதான்! 2025இல் தமிழ்நாடு தடை செய்த கோனோகார்பஸும் அப்படிப் பச்சை காட்டித்தான் உள்ளே வந்தது.

இந்தக் கடலோரத்துக்கென்று ஒரு காடு உண்டு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். காசான், வீரை, உலக்கைப்பாலை, இரும்புலி. அதில் மிஞ்சியதெல்லாம் ஐயனார் புண்ணியம். கீழ்ப்புத்துப்பட்டுக் கோயில்காட்டில் காசான் இன்றும் அடர்ந்து நிற்கிறது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு செம்மண் பொட்டல். எஞ்சிய காடுகளில் தேடிப் பொறுக்கிய விதைதான் அங்கே மறுபடி காடாயிற்று. உசுடு ஏரிக்கரையும் பாகூர் ஏரிக்கரையும் மட்டும் என்ன பாவம் செய்தன?

ஒரே மரத்தடியில் சாக்கை நிரப்பாதீர்கள். பத்துப் பதினைந்து தாய்மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், பறவைக்கும் விடுங்கள். கோயில்காடு என்றால் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கை வையுங்கள். பழுத்து மஞ்சளான வேப்பம்பழத்தை அன்றைக்கே பிசைந்து சதையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். தயவுசெய்து பிளாஸ்டிக் கவரில் கட்டி வண்டியில் மாட்டாதீர்கள், புழுங்கி நாறிவிடும். எந்த ஊர், எந்த மரம், எந்தத் தேதி என்று சீட்டு எழுதி வையுங்கள். விதை கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

பனை ஆவணிக்கு மேல். அதற்குப் பாக்கெட் வேண்டாம், முளை நேராக மண்ணுக்குள் இறங்கும். பங்காரு வாய்க்கால் கரையில் நேரடியாகவே ஊன்றலாம்.

வில்லியனூர் பக்கத்துத் தோழர்கள் கூடப்பாக்கத்திலிருந்தும், பாகூர் தோழர்கள் சேலியமேட்டிலிருந்தும் தொடங்குங்கள். ஏரிச் சங்கத்தாரையும் களையெடுக்கும் அக்காமாரையும் கூட்டிவாருங்கள். எந்த மரம் எப்போது பழுக்கும் என்பது நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். ஞாயிறு விடியலில், வெயில் ஏறும் முன், சாக்கும் முறமுமாக அந்தந்த ஊர் இலுப்பை மரத்தடிக்கு வந்துவிடுங்கள்.