கன்றுக் கணக்கு எங்கே?

ஓர் ஊரில் நூறு பேர் வசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேருக்கும் வயது எழுபதுக்கு மேல். ஊரில் ஒரு தொட்டில் கிடையாது. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்த உத்தியோகஸ்தர் தலைகளை எண்ணிப் பார்த்து, "சென்ற முறையும் நூறு, இந்த முறையும் நூறு, ஊர் சௌக்கியம்" என்று எழுதிக்கொண்டு போகிறார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த ஊர் செத்துக்கொண்டிருக்கிறது.

நம்முடைய காடுகளைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் கணக்கும் இந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். நிற்கிற மரத்தின் தலையை எண்ணுகிறோம். அதையும் ஆகாயத்திலிருந்து எண்ணுகிறோம். மரத்தின் காலடியில் அதன் வாரிசு முளைத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர் சிலர். அந்தச் சிலர் பார்த்தது என்ன என்று நம் காதுக்கு எட்டுவதே இல்லை.

ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஜில்லாக்களில் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறுகிறவர், அது மழைக்குப் பிந்திய மாதமாக இருந்தால், "ஆகா, என்ன பசுமை!" என்று வாய் பிளப்பார். பசுமை மெய்தான். ஆனால் எதன் பசுமை? உண்ணிச்செடியும் பச்சையாகத்தான் இருக்கிறது. 1807-ஆம் ஆண்டில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அலங்காரச் செடியாக வந்து சேர்ந்த அந்த விருந்தாளி, இந்தியக் காடுகளில் பாதி வீட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொண்ட கதையை எல்லோரும் அறிவோம். அது அடர்ந்த இடத்தில் வேங்கை விதை விழுந்தாலும் வெளிச்சம் கிடைக்காது. மேலே பார்த்தால் பசுமை. கீழே பார்த்தால் சூனியம்.

இந்த மலையில்தான் காவலூர் வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986 முதல் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1988-இல் அங்கிருந்து ஒரு சிறு கோளைக் கண்டுபிடித்து, அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயரைச் சூட்டினார்கள். கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் சுற்றுகிற ஒரு கல்லை இந்த மலையிலிருந்து கண்டுபிடித்துவிட்டோம். பெருமைப்பட வேண்டிய காரியம். அதே மலையில், தொலைநோக்கிக் கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், போன மழையில் முளைத்த வேங்கைக் கன்றுகள் எத்தனை, இந்தக் கோடையைத் தாண்டியவை எத்தனை என்று கேளுங்கள். வானத்தைப் பார்க்கத் தெரிந்த நமக்குக் காலடியைப் பார்க்கத் தெரியவில்லை.

காட்டின் அளவைச் சொல்ல, 1981-இல் ஏற்பட்ட இந்திய வன அளவைத் துறை இரண்டாண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் செயற்கைக்கோளின் படத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். அந்த அறிக்கையில் காடு என்பதற்கு இலக்கணம் என்ன தெரியுமா? நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கையாவது மரத்தலைகள் மூடியிருக்க வேண்டும். அவ்வளவுதான். என்ன மரம், யாருடைய நிலம், எதற்காக வளர்த்தது என்ற கேள்விகள் கிடையா. தென்னந்தோப்பும் காடு, மாந்தோப்பும் காடு. 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி தேசத்தின் நிலப்பரப்பில் 21.76 சதவீதம் காடு. பத்திரிகைகள் அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுகின்றன. நாமும் படித்துத் திருப்தி அடைகிறோம்.

அந்தத் துறை ஊழியர்கள் தரையிலும் மாதிரிக் கட்டங்கள் போட்டு ஆராய்கிறார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. காட்டு நிர்வாகத் திட்டங்களுக்கான 2014-ஆம் ஆண்டு தேசிய விதித்தொகுப்பும், 2023-இல் அதைத் திருத்தி வெளியிட்டதும், இயற்கையாக முளைக்கும் கன்றுகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்றே சொல்கின்றன. விதி இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு மலையில் குடியிருப்பவன் கண்ணில் படுகிறதா? அவனுக்குத் தெரியாத கணக்கு அவன் காட்டுக்கு என்ன செய்யும்?

கணக்கெடுப்பது பிரம்ம வித்தையும் அல்ல. காட்டில் ஆங்காங்கே கயிறு கட்டிச் சதுரம் பிடிக்க வேண்டியது. ஒவ்வொரு ஜாதி மரத்துக்கும் நான்கு வரிசை: முழங்காலுக்கு எட்டாத முளை, ஆள் உயரத்துக் கன்று, கைப் பருமனுள்ள இளமரம், முற்றிய மரம். முளை மிகுதியாகவும், கன்று அதிலும் குறைவாகவும், இளமரம் இன்னும் குறைவாகவும் இருந்தால் அந்த ஜாதிக்கு எதிர்காலம் உண்டு. முற்றிய மரம் நிறைய நின்று, மற்ற மூன்று வரிசையும் காலியாகக் கிடந்தால், அந்த ஜாதி கண்ணெதிரே உயிரோடிருந்தும் கதை முடிந்தது என்று அர்த்தம்.

ஒரு தடவை எண்ணிவிட்டு வந்தால் மட்டும் போதாது. மழை முடிந்தவுடன் எண்ணினால் முளைகள் பாய் விரித்தாற்போல் இருக்கும். பங்குனியில் போனால் பத்துகூட மிஞ்சாது. சில ஜாதிகளின் தண்டு கருகிப் போகும்; வேர் பிழைத்திருந்து மறு மழைக்குத் துளிர்க்கும். ஆகையால் அடையாளம் கட்டி, அதே சதுரத்துக்கு ஆண்டுதோறும் திரும்பப் போக வேண்டும். காவலூரில் ராமானுஜன் கோளைக் கண்ட அதே 1988-இல், முதுமலைக் காட்டில் இந்திய அறிவியல் கழகத்தார் 50 ஹெக்டேர் நிலத்தில் இப்படி ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள தண்டு முதற்கொண்டு ஒவ்வொன்றுக்கும் எண் கட்டினார்கள். தீ வந்த ஆண்டுகளில் பெரிய மரங்கள் தப்பி நின்றதையும், சிறு தண்டுகள் பெருவாரியாக மடிந்ததையும் அந்தக் கணக்குதான் காட்டியது. பஸ்ஸிலிருந்து பார்த்தவனுக்கு அது தெரிந்திருக்குமா? செயற்கைக்கோளுக்குத்தான் தெரிந்திருக்குமா?

ஜவ்வாது மலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சந்தனத்தைப் பாருங்கள். 1792-இல் திப்பு சுல்தான் மைசூரில் சந்தனத்தை அரசாங்கச் சொத்தாக்கினார். நம் பக்கத்திலும் சொந்தக் கொல்லையில் நிற்கிற சந்தனத்தை வெட்டக்கூடச் சர்க்கார் உத்தரவு வேண்டும். திருப்பத்தூரில் சந்தனக் கிடங்கு இருக்கிறது. கட்டைக்கு எடை உண்டு, தரம் உண்டு, ஏலம் உண்டு. வேரிலும் எண்ணெய் இருப்பதால் திருடன் வேரோடு பிடுங்குகிறான். 1998 முதல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆபத்துப் பட்டியலில் சந்தனம் இடம் பெற்றிருக்கிறது. கட்டையைக் காப்பாற்றப் பூட்டும் சாவியும் போட்ட நாம், கன்றுக்கு என்ன செய்தோம்?

சந்தனக் கன்று தனியாக வாழாது. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் பிழைக்கிறது. அதன் பழத்தைப் பறவை தின்று விதையைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஆடும் மானும் அதன் தழையை விரும்பிக் கடிக்கும். தீ பட்டால் தாங்காது. ஆக, ஓரிடத்தில் சந்தனக் கன்று தானாக முளைத்து ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது என்றால், அங்கே பறவை இருக்கிறது, துணைச் செடி இருக்கிறது, சில ஆண்டாகத் தீ இல்லை, மேய்ச்சல் அளவோடு இருக்கிறது என்று நான்கு சாட்சியம் கிடைத்துவிட்டது. வைரம் பாய்ந்த மரம் முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்திய காட்டைப் பற்றிச் சாட்சி சொல்லும். இன்றைய காட்டைப் பற்றிச் சாட்சி சொல்வது கன்று ஒன்றே.

"அதற்குத்தான் லட்சக்கணக்கில் கன்று நடுகிறோமே!" என்பார்கள். 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கி, 33 சதவீதம் பசுமைப் பரப்பு என்று இலக்கும் வைத்தாயிற்று. வயல் வரப்பிலும் சாலை ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நடட்டும், வாழ்த்துகிறேன். ஆனால் இயற்கைக் காட்டுக்குள் குழி வெட்டப் புகுமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். தாய்மரம் நின்று, விதை விழுந்தும் ஏன் கன்று இல்லை? காரணம் தீயா, ஆடா, உண்ணிச்செடியா? அந்தக் காரணம் அங்கேயே இருந்தால், நட்ட கன்றும் அதே வழியில் போகும். காரணத்தை நீக்கிவிட்டால் நடவே வேண்டியதில்லை. காடு தானே நட்டுக்கொள்ளும். இரண்டில் எப்படிப் பார்த்தாலும் குழி வெட்டிய செலவு வீண். விழாவும் பந்தலும் புகைப்படமும் மட்டுமே மிச்சம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எல்லாம் மலைக்காரனுடைய ஆட்டால் வந்தது, அவன் வைத்த தீயால் வந்தது" என்று அது தீர்ப்பே எழுதிவிடும். சாமையும் புளியும் தேனும் கடுக்காயும் தேடிப் பிழைக்கிற மலையாளிப் பழங்குடியினர்மேல் குற்றம் சுமத்துவது சுலபம். அவர்கள் பிழைப்பின் லட்சணம் என்ன? 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டு, தமிழ்நாட்டுக் கூலியாட்கள் 20 பேர் மாண்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். தங்கள் காடு பிழைப்புக் கொடுத்திருந்தால் கூலி தேடி அடுத்த ராஜ்யத்துக் காட்டுக்கு யார் போவார்கள்?

ஆடுதான் குற்றவாளி என்றால் நிரூபிக்கட்டும். அருகருகே இரண்டு சதுரம். ஒன்றுக்கு வேலி போடு, மற்றதைத் திறந்து விடு. ஐந்து ஆண்டு எண்ணிப் பார். வேலிக்குள் கன்று செழித்தால் ஆட்டைப் பற்றிப் பேசலாம். அந்த ஆட்டுக்காரனும் கேட்டுக்கொள்வான். வேலிக்குள்ளும் கன்று இல்லை என்றால், வேறு குற்றவாளியைத் தேட வேண்டியதுதான். கணக்கில்லாத இடத்தில் வலுத்தவன் சொல்லே கணக்காகிவிடுகிறது என்பதுதான் என் ஆத்திரம்.

எண்ணுவதற்கு ஆள் வெளியிலிருந்து வர வேண்டாம். இரண்டு இலை விட்ட முளையைப் பார்த்து, இது கடுக்காய், இது புரசு, இது வேங்கை என்று சொல்லக்கூடிய பெண்கள் மலைக் கிராமங்களில் இருக்கிறார்கள். அந்தப் படிப்புக்கு நாம் இன்னும் சம்பளம் வைக்கவில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கிற பொறுப்பையும் அதிகாரத்தையும் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. கயிறும் குச்சியும் நோட்டுப் புத்தகமும் தினக்கூலியும் சர்க்கார் கொடுக்கட்டும். ஆண்டுக்கு இருமுறை, மழைக்குப் பின்னும் கோடை முடிவிலும், ஊரார் எண்ணட்டும். வனத்துறையார் கூட இருந்து சரிபார்க்கட்டும். முளை இத்தனை, பிழைத்தது இத்தனை, ஆள் உயரம் வந்தது இத்தனை என்று கிராம சபைச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

இதைச் செய்யாவிட்டால் நாளைக்கே ஒன்றும் நடந்துவிடாது. அபாயமே அதில்தான் இருக்கிறது. முற்றிய மரங்கள் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். படத்தில் பச்சை குறையாது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் பென்ஷன் வாங்கி வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிறகு ஒரு தலைமுறை மரம் சேர்ந்தாற்போல் சாயும்போது, அதன் இடத்தில் எழுந்து நிற்க எதுவும் இருக்காது. அன்றைக்கு விசாரணைக் கமிஷன் வைப்பதைவிட, வருகிற மழைக்கு நாலு முழம் கயிறு வாங்குவது மலிவு.