இன்னொரு மாஸ்டர்ஸ் யாருக்காக?

சென்னையின் காந்தி நகர், கஸ்தூர்பா நகர், பெசன்ட் நகர் அம்மா அப்பாக்களே, உங்களைத்தான் கேட்கிறேன். எம்.எஸ்சி. முடித்த பெண் பிஎச்.டி. சேருகிறேன் என்கிறாள். "என்ன அவசரம்? வெளிநாட்ல இன்னொரு மாஸ்டர்ஸ் பண்ணிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்கிறீர்கள். எதைப் பார்க்கப்போகிறீர்கள்?

யுஜிசி 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளைப் புரட்டியாவது பார்த்தீர்களா? மூன்றாண்டு இளங்கலை, அதற்குமேல் 55 விழுக்காட்டோடு ஒரு முதுகலை. அது போதும். நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு வாங்கியவருக்கு முதுகலையே வேண்டாம். கூப்பிடு தூரத்து ஐ.ஐ.டி.யில் நல்ல மதிப்பெண் எடுத்த பி.டெக். மாணவர்கள் நேரே பிஎச்.டி. சேருகிறார்கள். இரண்டாவது முதுகலையைக் கேட்பது நீங்கள் மட்டும்தான்.

காசுக் கணக்குக்கு வாருங்கள், அதில் நாம் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து 42,000. வாடகைப்படி தனி. அதை விட்டுவிட்டு, வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கிறீர்கள். படிக்கும்போதே வட்டி ஏறும்.

ஜே.ஆர்.எஃப். எல்லாருக்கும் கிடைக்குமா என்பீர்கள். நியாயம்தான். கிடைக்காவிட்டால் ஓராண்டு நெட்டுக்குப் படிக்கட்டும். கூடவே சி.எல்.ஆர்.ஐ. போன்ற ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் வேலைக்கு விண்ணப்பிக்கட்டும். ஓடாத பரிசோதனையோடு ஆறு மாதம் மல்லுக்கட்டினால், ஆராய்ச்சி தனக்கு ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும். வகுப்பில் உட்கார்ந்து இன்னொரு முறை பரீட்சை எழுதினால் அது தெரியாது.

துறை மாறுவதென்றால் பேச்சு வேறு. எஞ்சினியரிங் படித்துவிட்டுப் பொருளாதாரத்தில் ஆய்வு செய்ய நினைக்கிறவன் காந்தி மண்டபம் சாலை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் எம்.ஏ. சேர்ந்தால், குறை சொல்ல மாட்டேன். அடிப்படை வேண்டுமே.

மற்றபடி, முதுகலை இல்லாமலே போனவர்களும் உண்டு. மயிலாப்பூர்ப் பிள்ளை, வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் முடித்த கையோடு கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். 1933இல் முனைவர் பட்டம். நடுவில் முதுகலை கிடையாது. உங்கள் பிள்ளையை நோபல் மேதையோடு ஒப்பிடவில்லை, பயப்படாதீர்கள். நான் சொல்ல வந்தது அவரைப் பெற்றவர்களைப் பற்றி. அப்பாவுக்கு மகன் ஐ.சி.எஸ். ஆக வேண்டும் என்று ஆசை. அம்மா சீதாலட்சுமி நோயாளி. அந்த நிலையிலும் போய் வா என்று பிடிவாதமாக அனுப்பிவைத்தவர் அந்த அம்மாதான். அடுத்த ஆண்டே காலமானார், மகன் கேம்பிரிட்ஜில் இருக்கும்போது.

பிஎச்.டி. ஐந்தாறு வருஷம் இழுக்கும், வயசு ஏறிவிடும், வரன் அமையாது என்பதுதானே உங்கள் உள்பயம்? அதை அவளிடம் நேராகச் சொல்லிச் சண்டை போடுங்கள். விண்ணப்பக் கட்டணமாவது மிச்சமாகும்.