இறுதியாண்டு ஆய்வும் ஈரத் தானியமும்

ஆறாம் பருவம் தொடங்கிவிட்டால் கல்லூரிப் பிள்ளைகள் உள்ள நம் வீடுகளில் 'புராஜெக்ட்' என்ற சொல் ஓயாமல் அடிபடுகிறது. விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் என எத்துறையைப் பயின்றாலும், பட்டம் பெறுமுன் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்படி பல கல்லூரிகள் கேட்கின்றன. பெற்றோராகிய நமக்கு அது பொன்னெழுத்து பதித்த அட்டையாகவும், அதற்கான செலவாகவுமே தெரிகிறது. கேட்ட தொகையைக் கொடுத்துவிடுகிறோம். அதில் எவ்வளவு அட்டைக்கு, எவ்வளவு உள்ளே இருக்கும் எண்களுக்கு என்று விசாரிப்பதில்லை.

கடலூர் முதுநகரில் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பம். மகள் உப்பனாற்று நீரை ஆராய விரும்பினாள். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடிவந்து முதுநகரருகே கடலில் சேரும் ஆறு அது. அதன் நீர் எந்நிலையில் உள்ளது என்பது அங்கு மீன் வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய கேள்வி. ஆனால் வாப்பா மறுத்துவிட்டார். "பொம்புளப் புள்ள ஆத்தங்கரையில பாட்டிலோட போயி நிக்கணுமா? காசு குடுத்தா முடிச்சுத் தர்றாங்களாமே!" என்றார். இவர் வட்டியின் வாடையே படாதவர். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நம்மில் பெரும்பாலோர் அவர் இடத்தில் அதையேதான் சொல்லியிருப்போம்.

இங்குதான் நாம் தவறுகிறோம் என்பது நமது கருத்து. மூன்றாண்டுப் பாடங்களில் பிள்ளை எழுதும் விடைகள் அனைத்தும் முன்பே யாரோ அறிந்தவை. விடை தெரியாத கேள்வியை அவள் முதன்முதலாகக் கேட்கும் இடம் இந்த ஆய்வு. அதை விலைக்கு வாங்கினால் பட்டம் கிடைக்கலாம். கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.

ஆற்றங்கரைக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்போருக்காகச் சற்று விளக்குவோம். நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க விங்க்லர் முறை என்று ஒன்று உண்டு. புட்டியில் காற்றுக்குமிழி புகாமல் நீரை நிரப்பி, அதே இடத்திலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவு தோன்றும். அறவே இல்லையெனில் வெண்மையாக நிற்கும். இதைச் செய்யாமல் நீரை வீட்டுக்கு எடுத்துவந்து மறுநாள் பார்த்தால், நாம் அளப்பது ஆற்றின் ஆக்சிஜனாக இராது. நேரமும் முக்கியம். கழிமுகத்தில் ஏற்றத்தின்போது ஒரு நீர், வற்றத்தின்போது வேறொரு நீர். ஓதம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மிகுகிறது. பிறைக் கணக்கில் வாழும் சமுதாயத்துக்கு இது புரியாத செய்தியன்று.

சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் செய்யும் மற்றொரு வகை ஆய்வு, ஏதேனும் ஓர் இலைச்சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்ப்பது. அகார் தட்டில் சாற்றை இட்டு, 37 பாகை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, சுற்றிலும் தோன்றும் தெளிந்த வளையத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். சாறு எடுக்கப் பயன்படுத்திய கரைப்பானை மட்டும் தனியே வைத்துப் பார்ப்பதும் கட்டாயம். இல்லையேல் பாக்டீரியாவைக் கொன்றது இலையா, கரைப்பானா என்றே தெரியாது. வளையம் தோன்றவில்லை என்றால் பிள்ளைகள் அஞ்சி, எங்கோ கண்ட எண்ணை எழுதிவிடுகிறார்கள். 'வளையம் இல்லை' என்பதும் ஒரு முடிவுதான் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்துவிட்டது என்ற வணிகரிடம் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவியதையும் நாம் அறிவோம். நனைந்தது குற்றமாகவில்லை, மறைத்ததே குற்றமாயிற்று. சரிவராத சோதனை, நனைந்த தானியம் போன்றது. அதை அட்டவணையின் அடியில் புதைக்கக் கூடாது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. அவை முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஏடுகளையே கருதுகின்றன. புராஜெக்ட் அறிக்கைகளை வரையறையிலேயே விலக்கி வைத்துவிட்டன. ஆக, இளநிலை மாணவரின் ஏட்டைக் காப்பது பெரும்பாலும் அவருடைய நிய்யத்துதான்.

உள்ளபடி எழுதிய எண்ணால் என்ன பயன் என்பதற்குப் பரங்கிப்பேட்டையே சான்று. அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும் இராஜேந்திரனும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அக்கரையோரத்தின் 18 குக்கிராமங்களை ஒப்பிட்டு, அலையாத்திக் காடுகள் உயிரிழப்பைக் குறைத்தன என்று 2005இல் எழுதினர். மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை எடுத்து மீண்டும் கணக்கிட்டு, கடலிலிருந்துள்ள தூரமும் தரையின் உயரமுமே பெரும்பங்கு வகித்தன என்று மறுத்தனர். யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். எண்கள் திறந்து வைக்கப்பட்டிருந்ததால் அல்லவா அந்த வாதமே இயன்றது!

முதுநகர் வாப்பா பின்னர் இணங்கினார். ஃபஜ்ர் தொழுதுவிட்டு மகளோடு தாமும் கரைக்குப் போனார். ஒரு புட்டியில் குமிழி புகுந்துவிட்டது. அந்த அளவையும் காரணத்தையும் அவள் ஏட்டில் அப்படியே எழுதியிருக்கிறாள்.

எல்லா வாப்பாக்களுக்கும் அந்த ஓய்வு வாய்க்காது. வெளிநாட்டில் இருப்போரும் பலர். அத்தகைய வீடுகளில் அண்ணனோ மாமாவோ உடன் போகலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டோவை அமர்த்தலாம். ரமலானையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2025இல் ஏறத்தாழ மார்ச் மாதம் முழுவதும் நோன்பாக இருந்தது. ஆய்வு மும்முரமாக நடக்கும் காலமும் அதுவே. நோன்போடு ஆய்வகத்தில் நின்று திரும்பும் மகளை, வந்தவுடன் இஃப்தார் சமையலுக்கு அழைக்காமல் இருப்போம். அன்று வடையை ஆண் பிள்ளைகள் சுடட்டும்.