குழந்தையிடம் கேட்கத் தெரிய வேண்டும்!

குழந்தைகளுக்கு இழைக்கப்படும் மிகக் கொடிய பாலியல் குற்றத்துக்குத் தூக்கு வரை தண்டனை தரலாம் என்று 2019-ம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் தண்டனை கடுமையானால் மட்டும் குற்றவாளி சிறைக்குப் போய்விட மாட்டான். முதலில் குற்றம் ருசுவாக வேண்டும். தண்டனை கூடக் கூட, நீதிபதி சாட்சியத்தை மேலும் உன்னிப்பாகப் பார்ப்பார். அந்தச் சாட்சியமோ பல வழக்குகளில் ஒரே ஒரு குழந்தையின் வாய்ச்சொல்தான்! அதை வெளிக்கொண்டு வரும் பொறுப்பு சர்க்கார் வக்கீலுடையது. அதற்கு அவருக்குப் பயிற்சி உண்டா?

சட்டம் சொல்வது என்ன?

குழந்தைகளைப் பாதுகாக்கும் 'போக்சோ' சட்டம் 2012-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி அமலுக்கு வந்தது. இதன்படி இரு தரப்பு வக்கீல்களும் கேள்விகளை நீதிபதியிடம் தர வேண்டும். நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். எதிரி குழந்தையின் கண்ணில் படக்கூடாது. மிரட்டும் கேள்வி, நடத்தையைப் பழிக்கும் கேள்வி கூடாது. வழக்கைக் கோர்ட்டு ஏற்ற 30 நாளில் குழந்தையின் சாட்சியம் பதிவாக வேண்டும். ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்கப் பார்க்க வேண்டும்.

இந்த வழக்குகளை நடத்தும் சிறப்பு சர்க்கார் வக்கீலுக்கு 7 வருட அனுபவம் வேண்டும் என்கிறது 32-வது பிரிவு. குழந்தை மனம் அறிந்தவரா என்று அது கேட்கவில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்கு அவ்வப்போது பயிற்சி தர வேண்டும் என்று 43-வது பிரிவு பொதுவாகச் சொல்கிறது.

கரிசல் மண்ணில்

ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் உள்ள புதியம்புத்தூர், ஆயத்த ஆடைத் தையலுக்குப் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் மானாவாரிக் கரிசல் காடு. அங்கே ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால், தாயும் தகப்பனும் கூலியை இழந்து தூத்துக்குடிக்கு அலைய வேண்டும். எதிரி சொந்தக்காரராக இருக்கலாம். வேலை கொடுப்பவராகவும் இருக்கலாம். 'கேஸை முடித்துக்கொள்ளுங்கள்' என்று சமரசம் பேச ஆள் வரும். நாள் கடந்தால் சாட்சி பிறழும். 30 நாள் விதியை வற்புறுத்துவது வக்கீலின் முதல் கடமை.

'எந்தத் தேதி? எத்தனை மணி?' என்று கேட்டால் குழந்தை விழிக்கும். 'கோவில் கொடைக்கு முந்தியா, பிந்தியா? அன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?' என்று கேட்டால் சொல்லிவிடும். உடல் உறுப்புக்கு வீட்டில் வழங்கும் பெயரைத்தான் குழந்தை சொல்லும். வக்கீல் அதை முன்பே அறிந்திருக்க வேண்டும். அதற்காகப் பதிலைச் சொல்லிக் கொடுக்கவும் கூடாது. 'அவர்தானே செய்தார்?' என்ற கேள்வி சாட்சியத்தையே கெடுக்கும். நிரபராதி மாட்டிக்கொள்ளவும் அதுவே வழி.

முடியாத காரியமா?

சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குறைந்த சிறுமிக்குக் கொடுமை இழைத்த வழக்கு 2018-ல் வெளிப்பட்டது. 2020-ம் ஆண்டு பிப்ரவரியில் சிறப்புக் கோர்ட்டு 15 பேருக்குத் தண்டனை விதித்தது. பேச்சால் எளிதில் விளக்க முடியாத குழந்தைக்கும் நீதி கிடைக்க முடியும் என்பதற்கு இது அத்தாட்சி. ஐஸ்லாந்து தேசத்தில் 1998 முதல், பயிற்சி பெற்றவர் வீடு போன்ற ஓர் இடத்தில் குழந்தையிடம் விசாரிக்கிறார். மற்ற அதிகாரிகள் வேறு அறையிலிருந்து கவனிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நீதித்துறைப் பயிற்சிக் கழகம் சென்னையில் இருக்கிறது. மதுரையிலும் கோவையிலும் அதன் கிளைகள் உண்டு. அங்கே ஒரு நாள் சொற்பொழிவோடு நின்றால் போதாது. கேள்வி அமைப்பதை வக்கீல்கள் செய்து பழக வேண்டும். குழந்தை மனநல நிபுணர் அருகிலிருந்து திருத்த வேண்டும். எதிர்த்தரப்பின் தகாத கேள்வியை உடனே ஆட்சேபிக்கவும் பழக வேண்டும்.

குழந்தையைத் திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு அழைக்கக் கூடாது என்பது சட்டம். அது வாய் திறக்கும் அந்த ஒரு நாளில், கேட்கத் தெரிந்த வக்கீல் அங்கே இருந்தாக வேண்டும்.