தலைக்கு இவ்வளவு என்று ஒரு படகு

நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த நண்பன், “ஒரு நாள் பார்ட்டி போட் போகலாமாடா?” என்று கேட்டதும் அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். நம் பக்கம் பார்ட்டி என்றால் ஒன்று கட்சி, இல்லாவிட்டால் பாட்டில். இரண்டுமே கடலுக்கு ஆகாது என்பது அவள் கட்சி.

அவன் சொன்னது வேறு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூயார்க்கின் ஷீப்ஸ்ஹெட் பே மாதிரித் துறைகளில், காலையில் போய்த் தலைக்கு இவ்வளவு என்று கட்டினால் மீன் பிடிக்கக் கடலுக்குக் கூட்டிப்போகும் படகுகள் உண்டாம். தலைக்கணக்கில் வசூலிப்பதால் ஹெட் போட் என்றும் ஒரு பெயர். முன்பின் தெரியாத முப்பது நாற்பது பேர் கம்பியோரம் நெருக்கியடித்து நின்று தூண்டில் போடுவார்கள். தூண்டிலும் இரையும் படகிலேயே கிடைக்கும். சிக்கல் விழுந்தால் எடுத்துவிட ஓர் ஆள். கிளம்பும்போதே ஆளுக்குச் சில டாலர் போட்டு வைப்பார்கள்; அன்றைக்கு எவன் பெரிய மீன் பிடித்தானோ அவன் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போவான். அளவுக்குக் குறைந்த மீனை ஸ்கேல் வைத்து அளந்து திரும்பக் கடலிலேயே விட்டுவிட வேண்டும்.

“இங்கே இவ்வளவு கடல் இருக்கு, இப்படி ஒரு படகு இல்லையா?” என்றான்.

கடலூர் மாவட்டத்துக்கு 57 கிலோமீட்டர் கடற்கரை. தேவனாம்பட்டினத்தில் சுண்டல் உண்டு. பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகு உண்டு. கடலுக்குப் போய்த் தூண்டில் போட டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. மீன்பிடிப் படகு மீன் பிடிக்க மட்டுமே பதிவானது.

ஆனால் நமக்கு எப்போதும் ஒரு தெரிந்தவர் இருப்பார். எங்கள் நாலு பேரில் ஒருவர் சிதம்பரத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். அவரிடம் படித்த பையனின் அப்பா பரங்கிப்பேட்டைப் பக்கம் ஃபைபர் போட் ஒன்று வைத்திருக்கிறார். “சார் ஆசைப்படுறாரு” என்ற ஒரு வார்த்தையில் காரியம் முடிந்தது. மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை மூன்றரைக்குச் சிதம்பரத்தில் கிளம்பி, பு.முட்லூரில் கண்ணைத் திறந்து வைத்திருந்த ஒரே கடையில் டீ குடித்துவிட்டு, அன்னங்கோயில் துறைக்குப் போய் நின்றோம். கடலூர் முதுநகரிலிருந்து வந்து சேர்ந்த நாலாமவர், வங்கியில் ஓய்வு பெற்றவர், ஒரு தூக்குவாளி நிறையப் புளிச்சோறு கொண்டுவந்திருந்தார்.

நாங்கள் நாலு பேர், படகுக்காரர், அவர் சின்ன மகன். ஆக ஆறு பேர். லைஃப் ஜாக்கெட் மூன்று. அமெரிக்காக்காரன்தான் எண்ணினான். எண்ணிவிட்டு என்னைப் பார்த்தான். நான் படகுக்காரரைப் பார்த்தேன். அவர், “நீச்சல் தெரியாதவங்க போட்டுக்குங்க சார்” என்றார். இதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது? நாங்கள் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் அல்ல. விருந்தாளி, இலையில் உப்பு இல்லை என்று சொல்வானா?

வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் மணல் மேடிட்டுக்கொண்டே இருக்கும். நேற்று ஆழமாக இருந்த இடம் இன்றைக்கு முட்டளவு. அந்த முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்த செய்தியைப் பத்திரிகையில் படித்திருக்கிறேன்; அங்கேயே போய் நின்றால் அந்தச் செய்தி வேறு மாதிரி ஞாபகம் வருகிறது. படகுக்காரர் எஞ்சினைத் தணித்துப் போட்டு, படகை அப்படியே நிறுத்திவைத்தார். எதிரே வெள்ளையாக ஒன்று எழும்பி உடைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. “இன்னொண்ணு இருக்கு” என்றார். இருந்தது. அது காலடியில் நுரைத்து முடிந்த நொடியில் எஞ்சினை முழுசாகத் திறந்தார். அணியம் வானத்தைப் பார்த்து எழும்பியது, இடுப்பெலும்பு பலகையில் மோதியது. அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டோம். பையன் கொட்டாவி விட்டான்.

கரை மெலிந்து ஒரு கோடானது. ஃபோனில் சிக்னலும் ஒரு கோடாகி, பிறகு அதுவும் போயிற்று. அமெரிக்காக்காரனுக்கு ஆபீஸிலிருந்து ஏதோ சேதி வரவேண்டுமாம், ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். வாத்தியாருக்கு இது போதாதா? இதே கடலூர்க் கடலில் 1783 ஜூன் 20 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் 15 போர்க்கப்பல்களோடும், ஆங்கிலேயர் ஹியூஸ் 18 கப்பல்களோடும் மோதிக்கொண்ட கதையை ஆரம்பித்தார். ஐரோப்பாவில் அந்த ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. சேதி இங்கே வந்து சேர ஜூன் கடைசி. முடிந்துபோன சண்டைக்காக இவ்வளவு பேர் செத்தார்கள். “உன் ஆபீஸ் சேதி மத்தியானம் வந்தா ஒண்ணும் குடிமுழுகாது” என்று முடித்தார்.

வலை போடும் இடம் வேறு, தூண்டில் போடும் இடம் வேறு. அடியில் பாறையோ, முங்கிப்போன ஏதோ ஒன்றோ கிடக்கும் இடத்தில்தான் தூண்டிலுக்கு மீன் நிற்கும். இப்போது எல்லாருக்கும் ஜிபிஎஸ் வந்துவிட்டது. ஆனாலும் படகுக்காரர் இரண்டு தரம் கரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிதான் இப்போது அவருக்கு அடையாளம். “எங்கப்பா காலத்துல மப்பு இல்லாத காலையில செலம்பரம் கோபுரம் உச்சி தெரியும், அத வச்சித்தான் பாப்பாங்க” என்றார். பழைய ஐரோப்பியக் கப்பல்காரர்களுக்கும் அந்தக் கோபுரங்கள்தான் கடலடையாளம். தேரோட்டத்தன்று மீனவ சமூகத்தார் சீர்வரிசையோடு சிதம்பரம் வந்து தேரில் பட்டுச் சார்த்துவது இன்றைக்கும் வழக்கம். அம்மன் அவர்கள் வீட்டுப் பெண், ஆகவே நடராஜர் மாப்பிள்ளை. மாப்பிள்ளை வீட்டுக் கோபுரத்தைப் பார்த்துத் தொழில் செய்தவர்கள், இன்றைக்குப் புகைபோக்கியைப் பார்க்கிறார்கள். நானும் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். மப்புதான் தெரிந்தது.

பன்னிரண்டு பாகம் ஆழம். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். நங்கூரம் போட்டதும் நண்பன் தன் பையைப் பிரித்தான். மூன்றாக மடங்கும் கம்பு, வெள்ளி மாதிரி மின்னும் ரீல், பிளாஸ்டிக்கில் செய்த பொய் மீன்கள். பையன் அந்த ரீலை வாங்கி வாங்கிச் சுற்றிப் பார்த்தான். அவன் அப்பாவிடம் இருந்தது ஒரு மரக்கட்டையில் சுற்றிய நரம்பு, ஓர் ஈயக்குண்டு, இரண்டு முள். ஒரு மத்தியைச் சாய்வாக நாலு துண்டு போட்டு, துண்டின் தோல் பக்கமாக முள்ளைக் குத்தி வாங்கினார். நரம்பை வலது ஆள்காட்டி விரலின் மேல் ஓடவிட்டு, குண்டு தரை தட்டியதும் ஒரு முழம் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

அந்த விரலைத்தான் நான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கணுவுக்குக் குறுக்கே ரம்பம் அறுத்த மாதிரி நாலைந்து தழும்பு, ஒன்றின் மேல் ஒன்று. கம்பின் நுனி ஒவ்வொரு அலைக்கும் தலையாட்டியது. நண்பன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பரபரத்தான். விரலுக்கு அலை எது, மீன் எது என்று தெரிகிறது. “இது கெளுத்தி, மென்னுட்டு இருக்கு” என்பார், வந்தால் கெளுத்திதான். அதைக் காலால் அமுக்கி, முதுகு முள்ளையும் பக்கத்து முள் இரண்டையும் கட்டிங் பிளேயரால் மளுக் மளுக்கென்று ஒடித்த பிறகே படகுக்குள் தள்ளினார். அந்த முள் குத்தினால் அன்றைக்குப் பிழைப்பு போச்சு.

நண்பனின் முதல் மீன் பேத்தை. தூக்கியதும் வயிற்றை ஊதிப் பந்தாகி, பல்லைக் காட்டியது. அமெரிக்கப் பொய் மீனில் பாதியைக் கடித்துத் துண்டித்திருந்தது. பையன் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. வங்கிக்காரருக்கு வரிசையாகச் சங்கரா, எல்லாம் கையகலம். வாத்தியாருக்கு இரண்டு நவரை. எனக்கு எட்டு மணி வாக்கில் அடிவயிற்றிலிருந்து ஒன்று புரட்டிக்கொண்டு வந்தது. நங்கூரம் போட்டு நிற்கும் படகின் ஆட்டம் ஓடும் படகில் இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கரையைப் பார்த்தபடி உட்காரச் சொல்லி ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயை வாயில் போட்டார் படகுக்காரர். அதன் பிறகு அவர்கள் தூக்கிலிருந்த பழைய சோறும் சுட்ட கருவாடும் என் பக்கம் வந்தபோது மறுக்கவில்லை. புளிச்சோறு அவர்களுக்குப் போயிற்று.

“முன்ன மாதிரி மீன் இல்ல சார்” என்றார். கட்டுமரத்தில் போன காலத்தில் இவ்வளவு தூரமே வரவேண்டாமாம். 2004 சுனாமிக்குப் பிறகுதான் இந்தக் கரையில் கட்டுமரங்கள் போய் ஃபைபர் போட்டுகள் குவிந்தன. பேச்சு அடுத்து சுருக்குமடிக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் 2000இலேயே தடை செய்த வலை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. இந்த மாவட்டத்தில் அதைப் பற்றி எந்தப் பக்கம் பேசினாலும் ஓர் ஊர் சண்டைக்கு வரும். நான் ஊறுகாயைச் சப்பிக்கொண்டு சும்மா இருந்தேன்.

பத்து மணிக்கு மேல் காற்று திரும்பும் என்று சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கு நண்பனின் கம்பு வில்லாக வளைந்து ரீல் கிறீச்சிட்டது. பத்து நிமிஷப் போராட்டம். மூன்று கிலோ இருக்கும், பாறை மீன். அதோடு எழுந்திருக்கலாம். “இன்னும் ஒரு அரை மணி” என்று கெஞ்சினோம். சார்கள் ஆசைப்பட்டதால் அவரும் சரி என்றார். அந்த அரை மணி ஒரு மணி ஆயிற்று. திரும்பும்போது முகத்துவாரத்தில் அலை காலையில் பார்த்ததைப் போல இரண்டு மடங்கு. இப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. இரண்டு முறை உள்ளே போகப் பார்த்து, இரண்டு முறையும் படகைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தார். யாரும் பேசவில்லை. ஜாக்கெட் இல்லாத மூன்று பேரில் நானும் ஒருவன், அவர் மகன் இன்னொருவன். மூன்றாம் முறை ஓர் அலையின் முதுகிலேயே ஏறி, அதை முந்தாமலும் பிந்தாமலும் ஆற்றுக்குள் வந்து விழுந்தோம். பையன் இந்த முறை கொட்டாவி விடவில்லை.

கரையில் கணக்குப் பார்த்தோம். ஆறு மணி நேரத்தில் எல்லாமாகப் பதினோரு கிலோ. அவர் டீசல் காசு மட்டும் போதும் என்றார். வற்புறுத்தித்தான் கொடுத்தோம், அதுவும் பையன் படிப்புக்கு என்று சொல்லி. என்னை அன்றிலிருந்து உறுத்துவது இதுதான். நண்பனின் ஊரில் ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றும் படகைக் கடலோரக் காவல்படை சோதித்துச் சான்று கொடுத்தாக வேண்டும். ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும். காசு வாங்குகிறான், ஆகவே “போதும், கிளம்பு” என்று சொல்ல அவனுக்கு வாய் இருக்கிறது. எங்கள் படகுக்காரருக்கு அந்த வாய் இல்லை, எங்களை உபசரித்துக்கொண்டிருந்தார். பதிவுபெற்ற மீனவருக்கு 5 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. அவர் படகில் விருந்தாளியாக ஏறிய எனக்கு எதுவும் கிடையாது. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் கைது செய்யப்படுபவர் அவர்.

மீன்வளத் துறையும் சுற்றுலாத் துறையும் கலந்து, இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு படகுத்துறையிலாவது, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலேயே தூண்டில் படகுக்கு உரிமம் கொடுத்துப் பார்க்கலாம். வெளியூர் ரிசார்ட்டுக்கு அல்ல. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், தலைக்கு ஒரு ஜாக்கெட், ஏறுகிறவருக்கும் காப்பீடு, திரும்பும் நேரத்தில் படகுக்காரர் சொல்வதே சட்டம்.

அதுவரை, இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அன்னங்கோயிலுக்கு வண்டியை விட நினைப்பவர்களுக்கு: தெரிந்தவர் என்று யாரையும் நச்சரிக்காதீர்கள். மீறி ஏறத்தான் போகிறீர்கள் என்றால், ஏறுமுன் ஜாக்கெட்டை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் கரையிலேயே நின்றுகொள்ளுங்கள். மீன் முதுநகர் மார்க்கெட்டிலும் கிடைக்கும்.