அந்தோனியாரும் மீற்றர் வட்டியும்

கொழும்பின் பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர் அல்லர். திருநீற்று நெற்றியோடு மெழுகுதிரி ஏற்றுபவர்கள் உண்டு, பௌத்தர்களும் உண்டு. தொலைந்த நகை, கிடைக்காத விசா, பிள்ளையின் பரீட்சை, கழுத்தை நெரிக்கும் கடன் என்று ஆளுக்கொரு விண்ணப்பம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த அதே ஆலயம் இரண்டு மாதங்களுக்குள் மீண்டும் திறக்கப்பட்டபோது, சனமும் திரும்பி வந்தது.

கேட்பதில் பிழையில்லை. ஆனால் அந்தோனியார் உயிரோடிருந்தபோது என்ன செய்தார் என்று விசாரிப்பவர்கள் குறைவு. லிஸ்பனில் பிறந்து இத்தாலியின் பதுவை நகரில் பிரசங்கித்த அந்தத் துறவி, அங்கே வட்டிக்காரர்களை விட்டுவைக்கவில்லை. 1231 மார்ச்சில் பதுவை நகரசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது: உள்ளதையெல்லாம் கொடுத்துவிட்ட கடனாளியைச் சிறையில் போடக்கூடாது. அந்தோனியாரின் வேண்டுகோளின்படியே இது செய்யப்படுகிறது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மூன்று மாதத்தில் அவர் இறந்துபோனார்.

செவ்வாய் மாலை உண்டியலில் காசு போட்டுவிட்டு, புதன் காலை, நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டியை வசூலிக்கக் கிளம்புகிறவர் எந்த அந்தோனியாரைக் கும்பிட்டார்?

நம் நாட்டுப் புனிதரின் கதையும் இப்படித்தான். கோவாவிலிருந்து 1687இல் யோசப் வாஸ் அடிகளார் இலங்கைக்கு வந்தபோது, ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. பிச்சைக்காரர் வேடத்தில், வயிற்றோட்டத்தால் மெலிந்துபோய் யாழ்ப்பாணம் சேர்ந்தார். 1692இல் கண்டியில் ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். அவர் மன்றாடியதும் மழை பெய்தது என்ற கதையைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைக் கழுவித் துடைத்து, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தவரும் அவர்தான். மதம் பார்க்கவில்லை. தமிழும் சிங்களமும் படித்து, இரண்டு மக்களோடும் அவரவர் மொழியிலேயே பேசினார்.

புனிதர் பட்டத்துக்கு வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது அற்புதத்துக்காகக் காத்திராமலேயே, பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். அற்புதக் கணக்கிலேயே நிற்கும் நம் பக்தி இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அம்மை நோயாளியைத் தொடும் துணிவு எல்லோருக்கும் வராது, சரி. மொழி? கொழும்பில் ஒரே மாடிக்குடியிருப்பில் வருஷக்கணக்காக வாழ்ந்தும், எதிர்வீட்டுக்காரரின் மொழியில் நாலு வசனம் பேசத் தெரியாதவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். ஜனவரி 16 அவர் திருநாள். அன்றைய பூசையும் பவனியும் நடக்கட்டும். அதோடு ஒவ்வொரு பங்கும் தன் மண்டபத்தில் வாரம் ஒரு மாலை தமிழ், சிங்கள வகுப்பு ஒன்றைத் தொடங்கலாம். கரும்பலகையும் கதிரைகளும் மறைக்கல்வி வகுப்புக்காக ஏற்கெனவே அங்கே கிடக்கின்றன.