மாத்திரை வேண்டாம், பேசினால் ஓகே... அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர்களின் டிப்ரஷன் சிகிச்சையில் நிறம் ஏன் குறுக்கே வருகிறது?

ஒரே ராணுவம், ஒரே சீருடை, பணி முடிந்த பிறகு ஒரே மருத்துவமனை. ஆனாலும் மனச்சோர்வு எனப்படும் டிப்ரஷன் வந்தால், அமெரிக்காவின் கறுப்பின முன்னாள் ராணுவ வீரர்களும் வெள்ளையின முன்னாள் வீரர்களும் ஒரே மாதிரி சிகிச்சை எடுத்துக்கொள்வதில்லை.

"அவங்களுக்கு சிகிச்சை மேலயே நம்பிக்கை இல்லை" என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. ஆனால் ஆய்வுகள் சொல்வது வேறு. முழு விவரம் இதோ.

காசு பிரச்சனையா?

அமெரிக்காவில் மருத்துவம் என்றாலே இன்சூரன்ஸ், செலவு என்றுதான் பேச்சு வரும். முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு. முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை, சுருக்கமாக வி.ஏ., நாடு முழுவதும் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் நடத்துகிறது. சுமார் 90 லட்சம் பேர் இதில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இங்கே சிகிச்சை இலவசம் அல்லது குறைந்த கட்டணம். அதனால் 'காசு இல்லாததால்தான் சிகிச்சை எடுக்கவில்லை' என்ற காரணம் இங்கே பெரிய அளவில் எடுபடாது. காசைத் தாண்டி வேறு என்ன தடுக்கிறது என்று பார்க்க, வி.ஏ. ஒரு நல்ல களம்.

சிகிச்சை பிடிக்கலையா, மாத்திரை பிடிக்கலையா?

டிப்ரஷனுக்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று மாத்திரை. இன்னொன்று, பயிற்சி பெற்ற நிபுணரிடம் வாரா வாரம் உட்கார்ந்து பேசும் 'தெரபி'.

2003-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, பொது மருத்துவரிடம் வந்த டிப்ரஷன் நோயாளிகளிடம் கருத்து கேட்டது. இவர்கள் ராணுவத்தினர் அல்ல, பொதுமக்கள். வெள்ளையினத்தவரோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானிக் மக்களும் மாத்திரையை ஏற்பது குறைவாக இருந்தது. மாத்திரை அடிமையாக்கிவிடும் என்ற பயமும், பிரார்த்தனை உதவும் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் அதிகம் காணப்பட்டது.

வி.ஏ. நோயாளிகளை வைத்து 2014-ல் வெளியான ஆய்வு இன்னும் முக்கியமானது. நீண்டகால டிப்ரஷன் உள்ள முன்னாள் வீரர்களில், சிறுபான்மை இனத்தவருக்குப் போதுமான அளவு மாத்திரை சிகிச்சை கிடைப்பது வெள்ளையினத்தவரை விடக் குறைவு. ஆனால் போதுமான அளவு தெரபி கிடைப்பது அவர்களுக்கு அதிகம்!

அதாவது, இவர்கள் சிகிச்சையே வேண்டாம் என்று ஓடுபவர்கள் அல்ல. எந்தச் சிகிச்சை என்பதில்தான் வித்தியாசம்.

மாத்திரை மேல் ஏன் இவ்வளவு சந்தேகம்?

டிப்ரஷன் மாத்திரை போட்டதும் வேலை செய்யாது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். ஆனால் வயிற்றுப் பிரச்சனை, தூக்கம் கெடுவது போன்ற பக்கவிளைவுகள் முதல் சில நாட்களிலேயே வந்துவிடலாம். ஏற்கெனவே சந்தேகத்தோடு இருப்பவர் அந்த இடைவெளியிலேயே மாத்திரையை நிறுத்திவிட வாய்ப்பு அதிகம்.

இந்த மாத்திரைகள் போதைப்பொருள் போல அடிமையாக்குபவை அல்ல. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் வரும். அதனால்தான் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதை யாரும் விளக்காவிட்டால், "பாரு, விட்டா உடம்பு கேட்குது, இது அடிமையாக்குது" என்றுதான் தோன்றும்.

பழைய காயம்

சந்தேகத்துக்கு வரலாறும் காரணம். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் நோய் இருந்தது. பென்சிலின் வந்த பிறகும் அவர்களுக்கு அந்த மருந்து தரப்படவில்லை. 1972-ல் செய்தி வெளியாகி நாடே அதிர்ந்தது. அதிபர் கிளிண்டன் மன்னிப்பு கேட்டது 1997-ல்தான்.

அந்த 1972-ஐ கவனியுங்கள். வியட்நாம் போரிலிருந்து கறுப்பின இளைஞர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. இன்று எழுபதுகளில் இருக்கும் அவர்கள்தான் வி.ஏ. மருத்துவமனைகளில் மாத்திரைச் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ராணுவத்தில் இனப் பிரிவினையை நீக்க அதிபர் ட்ரூமன் உத்தரவிட்டது 1948-ல். வி.ஏ. மருத்துவமனைகளில் பிரிவினை ஒழிய 1950-களின் நடுப்பகுதி ஆனது. சலுகைகளிலும் இதே கதை. 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தில் வி.ஏ. உத்தரவாதத்தோடு தரப்பட்ட வீடு, தொழில், விவசாயக் கடன்கள் 3,229. அதில் கறுப்பின முன்னாள் வீரர்களுக்குக் கிடைத்தவை வெறும் 2.

இது பழைய கதை மட்டும் அல்ல. உதவித்தொகை வழங்குவதில் இனப் பாகுபாடு காட்டியதாக வி.ஏ. மீது வியட்நாம் போர் வீரர் கான்லி மங்க் 2022-ல் வழக்கு தொடர்ந்தார். பணம் தருவதில் பாகுபாடு பார்க்கும் அதே துறை தரும் மாத்திரையை எப்படி நம்புவது என்ற கேள்வி எழுவது இயல்புதானே?

தப்பு நோயாளி பக்கம் மட்டுமா?

இல்லை. வாங்கிய மாத்திரை மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கும். வாங்காததற்கு நோயாளி மறுத்தது காரணமா, மருத்துவர் எழுதித் தராதது காரணமா என்பது அதில் தெரியாது.

நோயைக் கண்டுபிடிப்பதிலேயே சிக்கல் உண்டு. கறுப்பின நோயாளிகளுக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்று முத்திரை குத்தப்படுவது அதிகம் என்பதை வி.ஏ. உள்பட பல இடங்களில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. டிப்ரஷன் எல்லோரிடமும் அழுகையாக வெளிப்படாது. கோபம், உடல்வலி, தூக்கமின்மை என்றும் வரும். இதைக் கவனிக்காத மருத்துவர் டிப்ரஷனைத் தவறவிடலாம்.

'எதையும் தாங்கிக்கோ' என்று பழக்கிய ராணுவப் பயிற்சி எல்லா இனத்தவருக்கும் பொது. ஆனால் மனம் திறக்க நம்மவர் ஒருவர் வேண்டும் என்று தேடினால், அமெரிக்க மனநல மருத்துவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 2 சதவீதம்தான்.

இப்போது என்ன நடக்கிறது?

வி.ஏ. பொது மருத்துவர் கிளினிக்கிலேயே மனநல ஊழியர்களையும் அமர்த்தியுள்ளது. பிரஷர் பார்க்க வந்தவர் 'மனநலப் பிரிவு' என்ற போர்டைத் தாண்டிப் போகத் தேவையில்லை. மனநலப் பிரச்சனையிலிருந்து மீண்ட முன்னாள் வீரர்களையே வழிகாட்டிகளாக வேலைக்கு வைத்திருக்கிறது. நெருக்கடியில் இருப்பவர்கள் 988-ஐ அழைத்து, 1-ஐ அழுத்தினால் உடனே பேசலாம்.

ஆனால் இந்த ஆய்வுகளைத் தவறாகப் படிக்கும் ஆபத்தும் இருக்கிறது. இவை ஒரு கூட்டத்தின் போக்கைத்தான் சொல்கின்றன, எதிரே இருக்கும் ஆளைப் பற்றி அல்ல. "இவர் கறுப்பினத்தவர், மாத்திரை வேண்டாம்னுதான் சொல்வார்" என்று மருத்துவர் தானாகவே முடிவு செய்தால், அதுவும் பாகுபாடுதான்.

வேண்டாம் என்று சொன்னதும் பேச்சை முடித்துக்கொள்வதும் சரியல்ல. "மாத்திரைன்னா உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். பதிலைக் கேட்டுவிட்டு, தெரபி வேண்டும் என்பவருக்கு மாதக்கணக்கில் காக்கவைக்காமல் இடம் தர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், விருப்பம் என்ற பெயரில் ஒருவர் சிகிச்சையே இல்லாமல் வீடு திரும்புவார்.